சத்தமா பேசுங்கப்பா! - பார்கின்சன் நோயும் குரலும், கொஞ்சம் வரலாறு

பார்கின்சன் நோய்க்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பழைய ஆங்கிலப் பெயருக்கு 'நடுக்க வாதம்' என்று பொருள். ஆயுர்வேதத்தில் கம்பவாதம். கம்பம் என்றால் நடுக்கம்தான். தமிழில் நடுக்குவாதம். இங்கே மலையாளத்தில் விறவாதம். விறைக்கிறது என்று நாம் சொல்வதில்லையா, அதே 'விற'.

எல்லாப் பெயரிலும் நடுக்கம் இருக்கிறது. ஒன்றில்கூட குரல் இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பெயரில் எது இருக்கிறதோ அதைத்தான் நாம் கவனிக்கிறோம். அப்பாவின் கை நடுங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். குரல் இறங்கிப்போனால், "வயசாயிடுச்சு, முன்ன மாதிரி பேசறதில்ல" என்று விட்டுவிடுகிறோம். ஊரை விட்டு வந்து பிழைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அப்பா அம்மா என்பது வருஷத்தில் பாதி நாள் வெறும் குரல்தான். ஞாயிறு காலை போன், பண்டிகைக்கு ஒரு போன், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு போன். அந்தக் குரலே தேய்ந்துகொண்டு வந்தால் நமக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

அதனால் இந்த முறை இந்தக் குரலின் கதையை எழுதலாம் என்று தோன்றியது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு ஆலுவாவில் ஒரு வங்கிக் கிளையில் பொட்டி தட்டிக்கொண்டிருப்பவன். இது மருத்துவ ஆலோசனை இல்லை, வரலாறு. ஆனால் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கலாம் என்று நம்புகிறேன்.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. ஜேம்ஸ் பார்கின்சன் அங்கே ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். 1817-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில் மொத்தம் ஆறே ஆறு நோயாளிகள். அந்த ஆறு பேரிலும் எல்லோரும் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் இல்லை. பாதிப் பேர் அவர் தெருவில் பார்த்தவர்கள். குனிந்த நடை, நடுங்கும் கை, குட்டிக் குட்டி அடிகள். தெருவில் போகிற மனிதர்களைக் கவனித்தே ஒரு நோயை அடையாளம் கண்டார் மனுஷர். பிறகு பாரிஸில் ஷார்கோ என்ற பெரிய நரம்பியல் மருத்துவர், இந்த நோய்க்குப் பார்கின்சன் பெயரையே வைக்கலாம் என்றார். பார்கின்சன் பிறந்த ஏப்ரல் 11-ஐத்தான் இன்றைக்கு உலக பார்கின்சன் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த முதல் புத்தகத்திலேயே, நோய் முற்றினால் பேச்சு புரியாமல் போய்விடும் என்று அவர் எழுதியிருக்கிறார். ஆக, குரல் போவது மருத்துவ உலகத்துக்கு 1817 முதல் தெரியும். ஆனால் குரலுக்கென்று உருப்படியாக ஒரு வழி பிறக்க 170 வருஷம் ஆனது. ஏன் அவ்வளவு நாள்?

அதற்கு முதலில் குரல் ஏன் போகிறது என்று பார்க்க வேண்டும். மூளையின் நடுவில் டோபமைன் என்ற பொருளைச் செய்கிற செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் இந்த நோய்க்கு அடிப்படை. டோபமைன் குறைந்தால் உடம்பின் எல்லா அசைவும் சின்னதாகிறது. காலடி சின்னதாகிறது. முகத்தில் சிரிப்பு சின்னதாகிறது. கையெழுத்து சின்னதாகிறது. அதே கணக்கில் குரலும் சின்னதாகிறது. தொண்டையில் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் சரியாக ஒட்டாமல் இடைவெளி விழுகிறது, காற்று வீணாகிறது, குரல் கிசுகிசு என்று வருகிறது. ஏற்ற இறக்கம் போய் ஒரே சுருதியில் பேச்சு ஓடுகிறது.

கையெழுத்து விஷயம் எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் எங்கள் கிளைக்கு வருவார். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், மகன் காக்கநாட்டில் வேலை. கணக்கு தொடங்கியபோது போட்ட மாதிரிக் கையெழுத்து பெட்டியை அடைத்துக்கொண்டு நிற்கும். இப்போது போடும் கையெழுத்து முதல் எழுத்தில் சுமாராக ஆரம்பித்து, கடைசி எழுத்துக்கு வரும்போது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். கையெழுத்து போட முடியாத வாடிக்கையாளருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கைரேகை வாங்கு, சாட்சி வை என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் அவர் கவுண்டரில் நின்று பேசுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்பதில்லை. அவர் மனைவிதான், "அவர் என்ன சொல்றார்னா சார்..." என்று எடுத்துச் சொல்வார். ஒரு நாள் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார்: "நான் சத்தமாத்தான் பேசறேன், உங்க எல்லாருக்கும் காது மந்தம்னு சொல்றார் சார்."

இது வேடிக்கைப் பேச்சு இல்லை. இந்த நோயின் மர்மமே இதில்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் மருந்தின் கதை. அதில் நம் கொச்சிக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு. பலருக்குத் தெரியாது.

பதினேழாம் நூற்றாண்டில் கொச்சி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அப்போது இங்கே அதிகாரியாக இருந்த வான் ரீட், மலபார் செடிகளை எல்லாம் படம் வரைந்து தொகுக்க ஏற்பாடு செய்தார். செடிகளைப் பற்றிச் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அப்படி உருவானதுதான் 'ஹோர்தூஸ் மலபாரிகுஸ்'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. அதன் எட்டாம் தொகுதியில் 'நாய்க்குரண' என்று ஒரு கொடி வருகிறது. கேரளத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள், காய் மேலே பட்டால் சொறிந்தே உயிர் போகும். நம் ஊரில் அதற்குப் பூனைக்காலி என்று பெயர். நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதை என்று கேட்டால் கிடைக்கும்.

இந்த விதைக்குள் எல்-டோபா என்ற பொருள் இருக்கிறது. மூளைக்குள் போய் டோபமைனாக மாறுவது அதுதான். எல்-டோபாவை முதலில் 1913-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் குக்கன்ஹைம் என்பவர் ஒரு வகை அவரையிலிருந்து பிரித்தெடுத்தார். பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937-ல் வெளியிட்டவர்கள் சென்னையில் வேலை செய்த தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு உயிர்வேதியியலாளர்கள். அப்போது அது எதற்கு உதவும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. விதையில் இன்ன பொருள் இருக்கிறது என்பதோடு விஷயம் நின்றது.

இருபது வருஷம் கழித்து 1957-ல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். (ரிசர்பின் நம் சர்ப்பகந்தியிலிருந்து எடுப்பது. அதுவும் கேரளத்தில் வளர்கிற செடிதான்.) முயல்கள் அசையாமல் கிடந்தன. பிறகு டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடின. இந்த வழியில் செய்த ஆராய்ச்சிகளுக்காக அவருக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1961-ல் வியன்னாவில் பிர்க்மயர், ஹோர்னிகீவிச் இருவரும் பார்கின்சன் நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் அளவை மெல்ல ஏற்றிக் கொடுக்கும் முறையைக் கண்டுபிடித்தபின் அது உலகம் முழுக்க வந்தது. இன்றும் முதன்மையான மருந்து அதுதான்.

(ஒரு எச்சரிக்கை. பூனைக்காலிப் பொடியை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மாத்திரையில் இருக்கிற அதே மருந்து பொடியிலும் இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று கணக்கு இல்லை. இரண்டும் சேர்ந்தால் அளவு ஏறிவிடும். டாக்டரைக் கேட்காமல் கூடாது.)

வியன்னாவில் மருந்து கொடுத்த சிலருக்குப் பேச்சும் தெளிந்தது. அப்போது எல்லோரும் குரல் பிரச்சினையும் தீர்ந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் வருஷங்கள் போகப் போக வேறு மாதிரி தெரிந்தது. கை கால்களுக்கு மருந்து செய்கிற உதவியைக் குரலுக்கு அதே அளவில் செய்வதில்லை. சிலருக்குக் கொஞ்சம் தெளிகிறது, பலருக்கு இல்லை. பின்னால் வந்த மூளை அறுவை சிகிச்சையும் (மின்முனை பொருத்துவது) நடுக்கத்தை நன்றாகக் குறைக்கும். பேச்சைச் சிலருக்கு இன்னும் மோசமாக்கும். 1978-ல் அமெரிக்காவில் ஜெரி லோகமன் குழுவினர் 200 பார்கின்சன் நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். அதில் 89 சதவீதம் பேருக்குக் குரலில் கோளாறு இருந்தது. பத்தில் ஒன்பது பேர்! மருந்து வந்து பத்து வருஷம் ஆன பிறகு எடுத்த கணக்கு இது.

இந்த இடத்தில் நம்மூர் மேடை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-ம் வருஷத் தொடக்கத்தில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டி. அப்போது முதல்வர் எம்.ஜி.ஆர். இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோவை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். இருவருக்கும் பிறந்த நாள் ஜனவரி 17. எம்.ஜி.ஆர். 1917, அலி 1942. சரியாக 25 வருஷம் இடைவெளி.

அலி கையால் அடித்ததைவிட வாயால் அடித்தது அதிகம் என்பார்கள். அவர் பேச ஆரம்பித்தால் எதிராளி பாதி தோற்றுவிடுவார். அவருக்குப் பார்கின்சன் என்று டாக்டர்கள் சொன்னது 1984-ல். ஆனால் 2017-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அவருடைய பழைய டி.வி. பேட்டிகளை எடுத்து, ஒரு விநாடிக்கு எத்தனை அசை பேசுகிறார் என்று எண்ணிப் பார்த்தார்கள். 1968-க்கும் 1981-க்கும் நடுவில் பேச்சு வேகம் சுமார் 26 சதவீதம் குறைந்திருந்தது. குத்துச்சண்டையில் தலையில் வாங்கிய அடிகளும் இதில் சேர்த்திதான். ஆனாலும் நோய்க்குப் பெயர் வைப்பதற்குப் பல வருஷம் முன்பே பேச்சு அதைச் சொல்லிவிட்டது. அவர் சென்னைக்கு வந்தபோதும் அந்தக் குரல் மெதுவாகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கூட்டத்தில் யாருக்குத் தெரிந்திருக்கும்? 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் கை நடுங்க நடுங்க ஜோதி ஏற்றியபோது உலகமே பார்த்தது. கையைத்தான் பார்த்தது.

பக்கத்தில் நின்ற எம்.ஜி.ஆரின் கதை வேறு. அவருக்கு வந்தது பார்கின்சன் இல்லை. 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்து ஒருமுறை குரல் மாறியது. 1984 அக்டோபரில் பக்கவாதம் வந்து பேச்சு இன்னொரு முறை அடிபட்டது. ஆனால் அவர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கே தெரியும், குரல் போனது என்று. ஒரு நாளில் போனதால் தெரிந்தது. தெரிந்ததால் எல்லோரும் காதைக் கூர்மையாக்கிக் கேட்டோம். பார்கின்சனில் குரல் ஒரு நாளில் போவதில்லை. தினம் ஒரு இழை போகிறது. அதனால் யாரும் கவனிப்பதில்லை.

கொச்சிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் நினைவிருக்கும். 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் சென்னைக்கும் கேரளத்துக்கும் வந்தார். இளவயதில் மேடை நாடகத்தில் நடித்தவர், கணீர் என்ற குரல். அவருக்கும் பின்னால் பார்கின்சன் வந்தது. 2005 மார்ச் 27, ஈஸ்டர் அன்று ஜன்னலில் வந்து நின்றார், மைக் வைத்தார்கள், குரல் வரவில்லை. (மூச்சுக்காகத் தொண்டையில் துளை போட்டிருந்ததும் ஒரு காரணம்.) ஒரு வாரத்துக்குள் காலமானார்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்.

பேச்சுப் பயிற்சி என்ற துறை இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. நம் நாட்டில் மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965-ல் வந்தது. ஆனால் பார்கின்சன் நோயாளிகள் விஷயத்தில் உலகம் முழுக்கப் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு ஒரே அனுபவம்தான். மூச்சை இழுத்து விடுங்கள், மெதுவாகப் பேசுங்கள், ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள் என்று கற்றுக்கொடுப்பார்கள். அறைக்குள் நோயாளி நன்றாகப் பேசுவார். வெளியே வந்து படி இறங்குவதற்குள் பழைய குரல் வந்துவிடும். அதனால் இவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்றே பல டாக்டர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஸ்காட், கேர்ட் இருவரும் 26 பேருக்கு வீட்டுக்கே போய் இரண்டு மூன்று வாரம் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். பலன் ஓரளவு மூன்று மாதம் வரை நின்றது. கதவு லேசாகத் திறந்தது, அவ்வளவுதான்.

1987-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் லீ சில்வர்மேன் என்ற அம்மாவுக்குப் பார்கின்சன். அவர் குடும்பத்தார் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நோயைக் குணமாக்குங்கள் என்று கேட்கவில்லை. அவர் பேசுவது எங்களுக்குக் கேட்க வேண்டும், புரிய வேண்டும், அவ்வளவு போதும் என்றார்கள். லொரேன் ராமிக் என்ற பேச்சு விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் அதற்காக ஒரு பயிற்சியை வகுத்தார்கள். அந்த அம்மாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். லீ சில்வர்மேன் குரல் சிகிச்சை. இப்போது எல்.எஸ்.வி.டி. லவுட் என்று சொல்கிறார்கள்.

அதில் இருப்பது ஒரே ஒரு கட்டளை. சத்தமாக! மூச்சு, நாக்கு, உதடு என்று தனித்தனியாக யோசிக்க வேண்டாம். சத்தமாகப் பேச வேண்டும் என்று மட்டும் நினை. சத்தம் கூட்டினால் மூச்சு தானாக ஆழமாகிறது, குரல் நாண்கள் நன்றாக ஒட்டுகின்றன, வாய் பெரிதாகத் திறக்கிறது, முகத்தில்கூட உயிர் வருகிறது. வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், நான்கு வாரம். மொத்தம் 16 வகுப்பு. அதோடு வீட்டுப்பாடம் தனி. 'ஆ...' என்று மூச்சு முடியும் வரை நல்ல சத்தமாக நீட்ட வேண்டும். பிறகு குரலை மேலே ஏற்ற வேண்டும், கீழே இறக்க வேண்டும். பிறகு தினசரி வீட்டில் பேசுகிற பத்து வாக்கியங்கள். அப்புறம் வாசிப்பு, உரையாடல்.

இப்போது அந்தப் பென்ஷன்காரர் சொன்னதற்கு வருகிறேன். "நான் சத்தமாத்தான் பேசறேன், உங்களுக்குத்தான் காது மந்தம்." இந்த நோயாளிகளின் குரல் மற்றவர்களைவிடச் சராசரியாக 2 முதல் 4 டெசிபல் குறைவு என்று அளந்திருக்கிறார்கள். எண் சின்னதுதான், ஆனால் கேட்பவர் காதுக்கு அது பெரிய இறக்கம். பேசுபவருக்கு மட்டும் அது தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2000-ம் ஆண்டு வாக்கில் செய்த ஆய்விலும், இவர்கள் தங்கள் குரலை உள்ளதைவிடச் சத்தமாக மதிப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. தராசே தப்பாக இருந்தால் எடை எப்படிச் சரியாக வரும்? சாதாரணமாக நாம் பேசுகிற அளவுக்குப் பேசச் சொன்னால், "இது கத்தற மாதிரி இருக்கே, அக்கம்பக்கம் என்ன நினைப்பாங்க" என்று கூச்சப்படுவார்கள். பழைய பயிற்சிகள் படியிறங்குவதற்குள் தோற்றுப்போனதற்கு இது முக்கியமான காரணம். புதிய பயிற்சியில் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டி, "பாருங்க, இது கத்தல் இல்ல, இதுதான் சரியான அளவு" என்று தராசையே திருத்தப் பார்க்கிறார்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. 2001-ல் ராமிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பயிற்சி எடுத்தவர்களின் குரல் உயர்வு இரண்டு வருஷம் கழித்தும் நின்றிருந்தது. வெறும் மூச்சுப் பயிற்சி எடுத்தவர்களுக்கு அப்படி நிற்கவில்லை. கண்டுபிடித்தவர்களே செய்த ஆய்வு, அப்படித்தான் வரும் என்று சிலர் சொல்லலாம். 2024-ல் பிரிட்டனில் வேறு ஆராய்ச்சியாளர்கள் 388 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு எல்.எஸ்.வி.டி., ஒரு பிரிவுக்கு அரசு மருத்துவத் துறையின் வழக்கமான பேச்சுப் பயிற்சி, ஒரு பிரிவுக்குப் பயிற்சியே இல்லை. குரலால் வரும் சிரமம் எல்.எஸ்.வி.டி. எடுத்தவர்களுக்குத்தான் குறைந்தது. வழக்கமான பயிற்சிக்கும் பயிற்சி இல்லாததற்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. தொண்டை கரகரப்பு போன்ற சின்னத் தொந்தரவுகள் சிலருக்கு வந்தன. மற்றபடி பெரிய ஆபத்து இல்லை.

இது நோயைக் குணமாக்காது. நோய் அதன் பாட்டுக்கு நடக்கும். பயிற்சியை விட்டுவிட்டால் குரல் மறுபடி இறங்கும். தினமும் கொஞ்ச நேரம் கடைசி வரை செய்துகொண்டே இருக்க வேண்டும். நோய் முற்றுவதற்கு முன் ஆரம்பிப்பது நல்லது.

நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மொழி. கொச்சியில் தமிழர்கள் புதிதில்லை. போர்ட் கொச்சி வெளியில் சலவைத் துறையில் வேலை செய்யும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். மலையாளம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுபது வயதில் மகன் வீட்டோடு வந்து இருக்கும் அப்பாவுக்கு அப்படியா? பகலெல்லாம் வீட்டில் யாரும் இல்லை. லிப்டில் பார்ப்பவரிடம் பேச மொழி இல்லை. பேரனுக்கு இங்கிலீஷும் மலையாளமும்தான் சட்டென்று வருகிறது. குரலுக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஏற்கெனவே இறங்குகிற குரல் இன்னும் வேகமாக இறங்கும். நாமோ, "அப்பாவுக்கு இந்த ஊர் ஒத்துக்கல, அதான் பேச மாட்டேங்கறார்" என்று காரணம் கண்டுபிடிக்கிறோம்.

பேச்சுப் பயிற்சியாளர்கள் கேரளத்தில் நிறைய இருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 1997-ல் தொடங்கிய நிஷ் நிறுவனத்தில் இதற்கான பட்டப்படிப்பே இருக்கிறது. அதே ஊரில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இந்த வகை நோய்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பயிற்சியாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்கின்சன் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம் உண்டா, எல்.எஸ்.வி.டி. தெரியுமா என்றும் கேளுங்கள்.

பயிற்சியாளர் மலையாளத்தில் பேசினாலும் பாதகமில்லை. 'ஆ' என்பதற்கு மொழி கிடையாது. தினசரி பேசும் அந்தப் பத்து வாக்கியங்கள் மட்டும் நோயாளியின் சொந்த வாக்கியங்களாக இருக்க வேண்டும். அதைப் பயிற்சியாளர் எழுத முடியாது, நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். "காபி ஆச்சா?", "பேப்பர் வந்துடுச்சா?", "யாரு போன்ல?", "டேய், செருப்ப வெளிய விடு" - இப்படி உங்கள் அப்பா முப்பது வருஷமாக என்ன சொல்லிக்கொண்டிருந்தாரோ அதை எழுதுங்கள். புத்தகத் தமிழ் வேண்டாம்.

தமிழ் தெரிந்த பயிற்சியாளர்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2011-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 34 நோயாளிகளை வைத்து, நேரில் கொடுக்கும் எல்.எஸ்.வி.டி. பயிற்சியையும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கொடுக்கும் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். திரையில் கற்றவர்கள் பின்தங்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு இது நமக்கெல்லாம் பழகிய விஷயம். சென்னையில் போரூர் ஸ்ரீராமச்சந்திரா போன்ற இடங்களில் இந்தத் துறை வெகு நாளாக இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள்கூட இப்படித் தமிழ்ப் பயிற்சியாளர் கிடைப்பாரா என்று விசாரிக்கலாம்.

கூட்டமாகப் பாடுவதும் நல்லது என்கிறார்கள். மெல்போர்னில் பார்கின்சன் நோயாளிகளுக்கென்றே பாட்டுக் குழுக்கள் நடக்கின்றன. நம் ஊரில் பஜனை இருக்கிறது, சர்ச் பாட்டு இருக்கிறது, டி.எம்.எஸ். பாட்டு இருக்கிறது. அது பயிற்சிக்கு மாற்று ஆகாது. ஆனால் குரலைத் திறந்துவிட ஒரு சாக்கு.

கடைசியாக ஒன்று. குரல் இறங்குவதோடு சாப்பிடும்போது, குறிப்பாகத் தண்ணீரோ ரசமோ குடிக்கும்போது, அடிக்கடி புரையேறுகிறதா என்று பாருங்கள். பேசும் தசைகளில் பல விழுங்கவும் உதவுகின்றன. உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவது இந்த நோயில் உயிருக்கே ஆபத்து. இதையும் அதே பேச்சுப் பயிற்சியாளர்தான் பார்ப்பார். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

நீங்கள் போனில் கேட்கும்போது கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். போன வருஷத்தைவிடக் குரல் மெலிந்திருக்கிறதா? வாக்கியத்தின் கடைசிப் பாதி காற்றில் கரைகிறதா? ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மாதிரி பேசுகிறாரா? சட்டென்று "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று போனைக் கைமாற்றிவிடுகிறாரா? இருந்தால், கை நடுங்கவில்லை என்றாலும் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். பார்கின்சனாக இல்லாமல் போனால் சந்தோஷம்தான்.

லண்டனில் தெருவில் நடந்துபோனவர்களைப் பார்த்தே ஒருவர் ஒரு நோயைக் கண்டுபிடித்தார். அரிசோனாவில் ஒரு குடும்பம் அம்மா பேசுவது கேட்க வேண்டும் என்று விடாமல் கேட்டது. இரண்டுக்கும் பெரிய மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் கவனித்தார்கள். தூரத்தில் இருக்கும் நமக்குப் பார்க்க முடியாது, கேட்க முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது, என்ன சொல்கிறார் என்பதோடு எப்படிச் சொல்கிறார் என்பதையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.